பெரிய டீச்சரும் முடத்தெங்கும்

(பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பெரிய டீச்சரின் முதலாமாண்டு நினைவுநாளில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "டீச்சரின் நிறைவாழ்வில் விஞ்சி நிற்பது வீடா, வகுப்பறையா?" வகுப்பறை அணியின் நிறைவுரை இது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் குடும்பத்தாருக்கும், அவர் கைபிடித்து 'அ' எழுதப் பழகிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

வணக்கத்துக்கு இவ்வளவு போதும். எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதையும் பேச முடியாது.

என்ன சொன்னார் அண்ணன்? "பெரிய டீச்சர் ஒரு முடத்தெங்கு" என்றார். பின்வரிசையில் சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டதைப் பார்த்தேன். வளைந்த தென்னை. வேர் நம்முடைய தோட்டத்தில் இருக்கும், தண்ணீர் ஊற்றுவதும் நாம்தான். ஆனால் மரம் வேலியைத் தாண்டிச் சாய்ந்து, காயைப் பக்கத்துத் தோட்டத்தில் போடும். "குடும்பம் தண்ணீர் ஊற்றியது, காயெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விழுந்தது. டீச்சரைத் தாங்கியது வீடு, அதனால் விஞ்சி நிற்பது வீடு" என்று முடித்தார். மண்டபமே கை தட்டியது. டீச்சரின் மகள், நம் அக்கா, அவர் மட்டும் தட்டவில்லை.

அண்ணன் வழக்கறிஞர். சாட்சி இல்லாமல் பேசமாட்டார். பழைய இலக்கண நூலான நன்னூலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். நன்னூலைக் கொண்டுவந்து டீச்சர் மேல் எறிந்தால் நான் சும்மா இருப்பேனா?

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் நல்ல ஆசிரியருக்கு நான்கை உவமையாகச் சொன்னார். நிலம், மலை, துலாக்கோல், மலர். ஆகாத ஆசிரியருக்கும் நான்கு சொன்னார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. நல்ல நான்கில் ஒன்றுகூட அண்ணன் கண்ணில் படவில்லை. ஆகாத நான்கில் கடைசியைப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். சரி, அதையாவது முழுதாகச் சொன்னாரா? "பல்வகை உதவி வழிபடு பண்பின் அல்லோர்க்கு அளிக்குமது முடத்தெங்கே" என்பது நூற்பா. தனக்கு உதவி செய்து வழிபட்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவரே முடத்தெங்கு. அப்படியானால் அண்ணன் முதலில் நிரூபிக்க வேண்டியது, டீச்சரிடமிருந்து குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை.

ஆனால் அவர் அணியில் முதலில் பேசிய தங்கை என்ன சொன்னார்? கொழுந்தனார் இரண்டு பேருக்கும் பள்ளிக்கட்டணம் கட்டியது டீச்சர். நாத்தனாரை டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் எழுத வைத்தது டீச்சர். பி.எஃப். கடன் போட்டு ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியது டீச்சர். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டது டீச்சர். தங்கை அடுக்க அடுக்க எனக்கே கண் கலங்கியது. இப்போது நடுவர் ஐயா, ஒரே அணியில் ஒருவர் "எல்லாம் கொடுத்தார்" என்கிறார், இன்னொருவர் "ஒன்றும் கொடுக்கவில்லை" என்கிறார். வீட்டுக்குள்ளேயே இவ்வளவு சண்டை என்றால் வீடு எப்படி விஞ்சி நிற்கும்?

இன்னொன்றும் கேட்கிறேன். தண்ணீர் ஊற்றியது குடும்பம் என்றாரே, குடத்துக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? 1951-ல் மாநகராட்சிப் பள்ளியில் ஹையர் கிரேடு ஆசிரியையாகச் சேர்ந்த நாளிலிருந்து மாதாமாதம் வகுப்பறையிலிருந்து வந்தது.

இனி அண்ணன் ஆதாரமாகக் காட்டிய கல்யாணக் கதைக்கு வருகிறேன். அவர் இரண்டே வரியில் சொன்னார். "சொந்த மகளுக்கு முகூர்த்தம். தாரை வார்க்க அம்மாவைத் தேடினால், கொல்லையில் எவனோ ஒரு பையனுக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார். இதுதான் முடத்தெங்கு." சிரித்தீர்கள். கேட்டால் சிரிப்பு வரும் கதைதான். ஆனால் அண்ணன் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். 1983, தை மாதம். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற சின்னப் பெண் நான்தான்.

முன்பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். நாதஸ்வரம் போய்க்கொண்டிருக்கிறது. மணப்பெண் மேடைக்கு வந்தாயிற்று. மாப்பிள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாயிற்று. புரோகிதர் "பெண்ணோட அம்மாவைக் கூப்பிடுங்கோ" என்கிறார். அம்மா இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறார். இல்லை. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே இருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து "சம்பந்தியம்மா எங்கே?" என்று சத்தம் போடுகிறார். மாமியார் வீட்டுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்போது டீச்சரின் கணவர், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அமைதியான மனிதர், பதறவே இல்லை. மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பின்னால போய்ப் பாரு. எங்கேயாவது ஒரு பையன் நின்னுட்டிருப்பான். அவன் பக்கத்துல உங்க அக்கா இருப்பா."

மச்சான் ஓடினார். பின்னாலேயே நானும் பன்னீர்ச் செம்போடு ஓடினேன்.

பின்பக்கம் என்ன நடந்தது? தாம்பூலப் பைக்குத் தேங்காய் போதுமா என்று பார்க்கத்தான் டீச்சர் போயிருந்தார். பெண்ணைப் பெற்றவள் செய்கிற வேலை அது. அங்கே சமையல் கோஷ்டியோடு வந்த ஒரு பையன், ஒன்பது வயது இருக்கும், தேங்காய்க் குவியல் பக்கத்தில் நிற்கிறான். "எத்தனை காய்டா இருக்கு?" என்றார் டீச்சர். "நிறைய இருக்கு" என்றான். "எண்ணிச் சொல்லு." எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று இருபது வரை போனான். இருபதோடு நின்றான். அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு கிழித்தான். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். இருபது வந்ததும் இன்னொரு கோடு.

பள்ளிக்கூடம் போகாத பையன். இருபதுக்கு மேல் அவனுக்கு எண் தெரியாது. தெரியாது என்று அவன் நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த இருபதை வைத்துக்கொண்டு, எவ்வளவு பெரிய குவியலையும் அளக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அதைப் பார்த்த டீச்சருக்கு மேளச்சத்தம் காதில் விழுமா? கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டார். "டேய், நீ கணக்குப் போடுறடா! இங்க வா. ஓரிருபது இருபது. ஈரிருபது?" பையன் முழிக்கிறான். இரண்டு கோட்டைத் தொட்டுக் காட்டுகிறார். "நாற்பது. மூவிருபது அறுபது. நாலிருபது எண்பது." பையன் கண்ணில் வெளிச்சம் வருகிறது. வெங்காயம் நறுக்குகிறவர்களும் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சேர்ந்து சொல்கிறார்கள். "நாலிருபது எண்பது!" முன்பக்கம் நாதஸ்வரம், பின்பக்கம் வாய்ப்பாடு.

மச்சான் போய் "அக்கா, தாரை வார்க்கணும், முகூர்த்தம் தப்பப்போகுது" என்று கத்தினார். டீச்சர் எழுந்தார். பையனிடம் "மீதியை எண்ணி வை, வந்து கேட்பேன்" என்றார். போனார். மகள் கையில் தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. முகூர்த்தம் தப்பவில்லை ஐயா, இதை அண்ணன் சொல்லாமல் விட்டார்! மகள் காலில் விழுந்து எழுந்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூக்கை உறிஞ்சிக்கொண்டார், நேராகப் பின்பக்கம் போனார். சொன்ன சொல் மாறக்கூடாதே, வந்து கேட்பேன் என்று சொல்லியிருக்கிறாரே!

பையன் சுவரைக் காட்டி நின்றான். ஏழு கோடு. மேலே நாலு காய். "ஏழிருபது நூத்தி நாப்பது. மேல நாலு. நூத்தி நாப்பத்தி நாலு டீச்சர்." சமையல் மேஸ்திரிக்குக் கோபம். "நூத்தம்பது காய் எண்ணி வாங்கினேன், இவன் சொல்றதைக் கேட்காதீங்க" என்றார். டீச்சர் பையனைத் திட்டவும் இல்லை, மேஸ்திரியைத் திட்டவும் இல்லை. "தேடுங்க" என்றார். தேடினார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஆறு தேங்காய் உருண்டு கிடந்தது. பையன் சொன்னது சரி. அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அதிகமாகச் சிரித்தவன் அந்தப் பையன்தான்.

மேஸ்திரி அவனுக்குத் தாய்மாமன். டீச்சர் அவரிடம் சொன்னார்: "பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. மத்தியானச் சாப்பாடு அங்கேயே உண்டு." சத்துணவு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. மேஸ்திரி, "டீச்சரம்மா, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத தொழில் எங்களுது" என்றார். அதுவும் நியாயமான பதில்தான். டீச்சர் விடவில்லை. "ஊருக்குச் சாப்பாடு போடுறவன் கணக்குல ஏமாறக் கூடாது. இன்னைக்கு ஆறு காய் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியலையே?" மேஸ்திரி வாயடைத்துப் போனார். அடுத்த வாரம் பையன் வகுப்பில் இருந்தான்.

அவன் கலெக்டர் ஆனான் என்று சொன்னால் நீங்கள் இன்னும் பலமாகக் கை தட்டுவீர்கள். ஆகவில்லை. பத்தாவது வரை படித்தார், மாமன் தொழிலுக்கே போனார். இன்றைக்குச் சொந்தமாகச் சமையல் கோஷ்டி வைத்திருக்கிறார். சாமான் பட்டியல் அவர் கையெழுத்து, பில் அவர் கையெழுத்து. இந்த மண்டபத்தின் பின்பக்கம் இப்போது உங்களுக்காக வெந்துகொண்டிருக்கும் சாப்பாடு அவருடையது. ஒரு காய் குறையாது, நான் உத்தரவாதம்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். அடிக்காதீர்கள் ஐயா, இன்னும் வகுப்பறைக்குள்ளேயே நான் போகவில்லை.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்த ஆண்டு. அந்தக் கணக்குப்படி இந்தியாவில் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்றால், நடத்துவதற்குப் பெண் இல்லையே என்பார்கள். நடத்த ஏன் பெண் இல்லை என்றால், பெண்கள் படிக்கவில்லையே என்பார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க இதே சென்னையில் ஒரு பெண்மணி பாடுபட்டார். சகோதரி சுப்புலட்சுமி. சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். 1911-ல் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். தன்னைப் போலவே சிறுவயதில் கைம்பெண் ஆனவர்களைச் சேர்த்து, கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்க வைத்து, ஆசிரியைகளாக ஆக்கினார். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவர்தான் பொறுப்பு. அப்படி அவர்கள் வெட்டிப் போட்ட பாதையில் நடந்து வந்தவர்கள்தான் நம் டீச்சரைப் போன்றவர்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 65 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒன்பது எங்கே, அறுபத்தைந்து எங்கே? இந்த ஏற்றம் எந்த வீட்டு அடுக்களையில் நடந்தது அண்ணே? கரும்பலகை இருந்த இடத்தில் நடந்தது.

மாநகராட்சிப் பள்ளி என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது இந்த மாநகராட்சி. காமராசர் காலத்து மதிய உணவையும் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவையும் டீச்சர் பரிமாறியிருக்கிறார். 2022-ல் காலை உணவு வந்தபோது அவருக்கு 91 வயது. செய்தியைப் பேப்பரில் வாசித்துவிட்டு, "இனிமே முதல் பீரியட்ல தலை சுத்தி விழமாட்டாங்க" என்றாராம். பசியோடு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வயசானவர் பேசுகிற பேச்சு அது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "பள்ளி 58 வயதில் மாலை போட்டு அனுப்பிவிட்டது. 93 வரைக்கும் வைத்துக்கொண்டது வீடுதானே?" 1989-ல் ஓய்வு, உண்மை. ஆனால் ஓய்வு பெற்றது யார்? பள்ளிக்கூடம்தான் டீச்சரிடமிருந்து ஓய்வு பெற்றது! 1996-ல் பின்னி மில் மூடியது. ஓட்டேரி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் எத்தனையோ குடும்பத்துக்குச் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சாப்பாடு என்று இருந்த காலம் ஒரே அடியாக நின்றுபோனது. அப்பாவுக்குச் சம்பளம் இல்லை என்றால் முதலில் பை மாட்டுவதை நிறுத்துவது பிள்ளைதான். கையெழுத்துப் போடப் பதிவேடு இல்லை, கொடுக்கச் சம்பளம் இல்லை, 65 வயது. டீச்சர் தெருத்தெருவாகப் போனார். "பையன் எங்கே? பெண் எங்கே?" என்று கதவைத் தட்டினார். வேலைக்குப் போய்விட்டான் என்றால் வேலை செய்யும் கடைக்கே போய் நின்றார். நல்லாசிரியரை மலை என்று ஏன் சொன்னார் பவணந்தியார்? "வறப்பினும் வளந்தரும் வண்மை." மழையே இல்லாத காலத்திலும் மலை கொடுக்கும். அண்ணே, அடுத்த முறை நன்னூலை எடுத்தால் இந்த வரியையும் எடுத்து வாருங்கள்.

அப்புறம் வராண்டா. ஓட்டேரியில் டீச்சர் வீட்டு வராண்டாவில் மாலை நேரம் பாடம் நடக்காத நாளை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, தன்னார்வலராகச் சேர்ந்த கல்லூரிப் பெண் இடம் தேடினாள். டீச்சர் "இங்க நடத்தும்மா" என்றார். தொண்ணூறு வயதில் தானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாகக் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொன்ன அன்றைக்கு மட்டும், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து, நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் இப்போது பி.எட். படிக்கிறாள். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

வீட்டில் அவர் தாய். யார் மறுத்தார்கள்? ஆனால் தாய் எப்படிப்பட்டவள் என்று புறநானூற்றில் ஒரு பாண்டியன் உண்மையைப் போட்டு உடைத்திருக்கிறான். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளிலும், நன்றாகப் படித்தவன் பக்கமே தாயின் மனமும் சாயும் என்கிறான். டீச்சரின் மூன்றாம் வகுப்பில் முதல் வரிசை யாருக்கு? படிப்பு ஏறாதவனுக்கு. நன்றாகப் படிப்பவர்கள் பின்னால். அவர் மனம் எப்போதும் வராத பிள்ளை பக்கமே சாயும். இதை வீட்டுக்கும் கொண்டு போனார். கடைசி மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியபோது, அன்றைக்கு இரவு பந்தியில் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து முதல் இலை போட்டவர் டீச்சர். அந்த அண்ணனும் இங்கே இருக்கிறார், தலையாட்டுகிறார் பாருங்கள். உலகத்துத் தாய் செய்யாததை இந்தத் தாய் செய்தாரே, எங்கே கற்றார்? வகுப்பறையில்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. எழுதி வந்தது இன்னும் இருக்கிறது, அதை மடித்து வைத்துவிடுகிறேன். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அக்கா, சொல்லலாமா? சரி என்கிறார்.

அக்கா தன் அம்மா வகுப்பிலேயே படித்தவர். பள்ளி வாசலுக்குள் நுழைந்தால் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். மற்ற பிள்ளைகள் வாய் தவறி "அம்மா, ஒண்ணுக்குப் போகணும்" என்பார்கள், டீச்சர் "போயிட்டு வாடா கண்ணு" என்பார். அக்காவுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. ஒரு நேரம் தவிர. காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பேர் வாசிக்கும்போது எல்லாரும் "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். அக்காவும் சொல்லலாம். அதற்காகவே ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் போனேன் என்று அக்கா என்னிடம் சொன்னார்.

போன ஆண்டு டீச்சருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. காலையில் கண் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே பேர் வாசிக்க ஆரம்பித்தார். மூத்த மகன் பேர், அடுத்து 1950-களில் படித்த யாரோ ஒரு மில் தொழிலாளி மகன் பேர், அடுத்து பேத்தி பேர், அடுத்து எங்கள் வகுப்புப் பேர் ஒன்று. எல்லாம் ஒரே பதிவேட்டில். அக்கா ஒவ்வொரு பேருக்கும் "உள்ளேன் அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதில் வராவிட்டால் டீச்சர் அடுத்த பேருக்குப் போகமாட்டார். ஒரு நாள் பிடித்துவிட்டார். "இது உன் குரல்தானே? அவன் எங்கே? அவனை வரச் சொல்லு."

அவன் என்று கேட்டது தேங்காய் எண்ணிய பையனை. அக்கா போன் செய்தார். மறுநாள் அதிகாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டிய சமையல்காரர், அடுப்பை உதவியாளிடம் கொடுத்துவிட்டு ஓட்டேரிக்கு வந்து, கட்டில் பக்கத்தில் கை கட்டி நின்றார். அவர் பேர் வந்தது. "உள்ளேன் அம்மா" என்றார். டீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். அதன் பிறகு அக்கா ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சொன்னார். ஆட்டோ ஓட்டுகிறவர், ரயில்வேயில் இருக்கிறவர், பூக்கடைக்காரம்மா, பேரன் பேத்தி எடுத்தவர்கள். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பு நிறைந்து கிடந்தது. நானும் போனேன். மகன்களுக்கும் மருமகள்களுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு நின்று, என் பேர் வந்ததும் சொன்னேன்.

அந்த அறையை வீடு என்று சொல்லுங்கள் அண்ணே, சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அதில் சண்டை இல்லை. வேலி எங்கே இருந்தது என்று மட்டும் காட்டுங்கள். காய் எந்தப் பக்கம் விழுந்தது என்று நாம் இரண்டு பேரும் போய்த் தேடலாம்.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்கள் கையில். எனக்கு உங்களிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. வராண்டா அப்படியே இருக்கிறது, அக்கா பெருக்கி விளக்குப் போட்டு வைத்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்தரைக்கு வந்து உட்கார ஆள் வேண்டும். திங்களுக்கு என் பேர் எழுதியாகிவிட்டது. செவ்வாய்க்கு அந்த பி.எட். பெண். வாய்ப்பாடு நடத்த சமையல்காரர் புதன்கிழமை கேட்டிருக்கிறார், முகூர்த்த நாள் இல்லாத புதன்கிழமை. வியாழனும் வெள்ளியும் காலியாக இருக்கிறது. வழக்கறிஞர் அண்ணே, வியாழக்கிழமை கோர்ட்டிலிருந்து எத்தனை மணிக்கு வருவீர்கள்?

நன்றி, வணக்கம்.